வலையமைப்புச் செயல்திறன் அறிக்கைத் தரவுகளை ஏ.பி.ஐ. வழி வடிகட்டல்: கடலூர், சிதம்பரம் பகுதிகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இணைய வலையமைப்புகளின் வேகம், மறுமொழி நேரம், தரவுப் பொட்டல இழப்பு ஆகியவற்றைப் பதிவு செய்யும் அறிக்கைத் தரவுகள் இன்று ஏ.பி.ஐ. வழியாகப் பொதுவில் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு வட்டாரத்திற்கும் ஒரு காலப்பகுதிக்கும் உரிய பதிவுகளை மட்டும் பிரித்தெடுப்பதே வடிகட்டல். இது தொழில்நுட்பப் பணியாகத் தோன்றினும், எவ்விடம், எக்காலம், எம்மதிப்பு என்னும் மூன்று வரையறைகளும் ஆய்வின் முடிவைத் தீர்மானிக்கின்றன. கடலூர் மாவட்டத்தையும் 2024 ஃபெஞ்சல் புயலையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வரையறைகள் எங்கெங்குப் பிழைபடக்கூடும் என்பதையும், தரவு இல்லாமையைத் தரவாகக் கொள்ளும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஏ.பி.ஐ., வடிகட்டல், வலையமைப்புச் செயல்திறன், கடலூர், சிதம்பரம், ஃபெஞ்சல், திறந்த தரவு.

முன்னுரை

வங்கக் கடலோரத்தில் அமைந்த கடலூர் மாவட்டம் புயலுக்கும் வெள்ளத்திற்கும் அடிக்கடி ஆட்படுவது. 2004 ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல், 2015 பெருவெள்ளம், 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என இருபது ஆண்டுகளுக்குள் பல பேரிடர்களை இம்மாவட்டம் கண்டுள்ளது. ஒவ்வொரு பேரிடரின்போதும் மின்சாரத்தை அடுத்து மக்கள் இழப்பது தொலைத்தொடர்பு. அவ்விழப்பு எவ்வளவு நேரம் நீடித்தது, எப்பகுதியில் மிகுதியாக இருந்தது என்னும் வினாக்களுக்கு விடை காண முற்படும் ஆய்வாளர் இன்று செல்லும் இடம் பொதுத் தரவுத் தளங்களே.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் 2024 ஆகஸ்டு 2 அன்று வெளியிட்டு, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சேவைத்தர ஒழுங்குமுறைகள், மாவட்ட அளவில் நான்கு மணி நேரத்திற்கு மேல் நீடிக்கும் பெருந்தடையைச் சேவை நிறுவனங்கள் 24 மணி நேரத்திற்குள் ஆணையத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. ஆக, மாவட்டம் என்பது கடப்பாட்டின் அலகாகிவிட்டது. ஆனால் பொதுமக்களும் ஆய்வாளர்களும் அணுகக்கூடிய தரவுகள் பெரும்பாலும் அவ்வலகில் அமைந்திருப்பதில்லை. இவ்விடைவெளியை வடிகட்டல் எவ்வளவு நிரப்பும், எவ்விடத்தில் நிரப்பாது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்.

1. ஏ.பி.ஐ. வழி வடிகட்டலின் அமைப்பு

ஏ.பி.ஐ. என்பது ஒரு நிரல் மற்றொரு நிரலிடம் தரவைக் கேட்டுப் பெறுவதற்கான வரையறுத்த வாயில். வலைவழி ஏ.பி.ஐ.யில் கேள்வி ஓர் இணைய முகவரியாக அமையும். முகவரியின் முற்பகுதி எத்தரவுத் தொகுதி வேண்டும் என்பதைக் குறிக்கும். வினாக்குறிக்குப் பின்வரும் பகுதி என்னென்ன நிபந்தனைகள் என்பதைக் குறிக்கும். இந்நிபந்தனைகளே அளவுருக்கள். இந்திய அரசின் திறந்த தரவுத் தளம் 2012இல் தொடங்கப்பட்டது. அதன் ஏ.பி.ஐ.யில் அணுகுசாவி, வடிவம், தொடக்க இடம், பதிவு வரம்பு, புலவாரி வடிகட்டி ஆகியவை அளவுருக்களாக உள்ளன. ஐரோப்பாவின் ரைப் என்.சி.சி. நிறுவனம் 2010 முதல் நடத்திவரும் ரைப் அட்லஸ் அளவீட்டு அமைப்பில் தொடக்க நேரம், முடிவு நேரம், அளவீட்டுக் கருவியின் எண் ஆகியவற்றால் முடிவுகளை வடிகட்டலாம்.

வடிகட்டல் இரு நிலைகளில் நிகழலாம். நிபந்தனையை ஏ.பி.ஐ.க்கு அனுப்பி, பொருந்தும் பதிவுகளை மட்டும் பெறுவது வழங்கிநிலை வடிகட்டல். அனைத்தையும் பெற்றுப் பின்னர் ஆய்வாளர் தம் கணினியில் பிரிப்பது பயனர்நிலை வடிகட்டல். முன்னது விரைவானது, பின்னது மீளச் சரிபார்க்க இயல்வது. வழங்கிநிலையில் தள்ளப்பட்ட பதிவுகள் எவை என்பதை ஆய்வாளர் காணவே இயலாது. எனவே இடம், காலம் ஆகியவற்றைச் சற்று அகலமாக வைத்து வழங்கியிடம் கேட்டு, மதிப்பு சார்ந்த நுண்வடிகட்டலைத் தம்மிடத்தே செய்வது ஆய்வுக்கு ஏற்றது.

கிடைத்த விடை முழுமையானதா என்பதையும் தொடக்கத்திலேயே உறுதி செய்தல் வேண்டும். பெரும்பாலான ஏ.பி.ஐ.கள் பதிவுகளைப் பக்கம் பக்கமாகவே தருகின்றன. திறந்த தரவுத் தளத்தின் மாதிரிச் சாவியைக் கொண்டு கேட்டால் ஒரு முறைக்குப் பத்துப் பதிவுகளே கிட்டும். அவ்விடையில் மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கையும் தனியே குறிக்கப்பட்டிருக்கும். பெற்ற பதிவுகளின் கூட்டுத்தொகை அவ்வெண்ணோடு ஒத்திருக்கிறதா எனப் பார்ப்பது முதற்கடமை. கேள்வி வெற்றி பெற்றது என்னும் 200 குறியீடு, தரவு முழுமையாக வந்தது என்பதற்குச் சான்றாகாது.

2. இட வடிகட்டி

டிராயின் மைஸ்பீடு செயலி 2016இல் அறிமுகமானது. பயனர்கள் தம் கைப்பேசியில் மேற்கொள்ளும் வேகச் சோதனைகளின் முடிவுகள் மாதவாரியாகத் தொகுக்கப்பட்டுத் திறந்த தரவுத் தளத்தில் வெளியிடப்பட்டன. சேவை நிறுவனம், தொழில்நுட்பம், பதிவிறக்கமா பதிவேற்றமா என்னும் சோதனை வகை, வேகம், சைகை வலிமை, உரிம சேவைப் பகுதி ஆகியவை அதன் புலங்கள். இந்தியா 22 உரிம சேவைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கடலூருக்குரியது தமிழ்நாடு என்னும் பகுதி. புதுச்சேரியும் காரைக்காலும் இதனுள் அடங்கும். மாவட்டம் என்னும் புலமே இல்லாத தரவில் கடலூரை எவ்வடிகட்டியாலும் பிரிக்க இயலாது. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுள் ஒன்றிரண்டு முற்றிலும் துண்டிக்கப்பட்டாலும், கோவையிலும் மதுரையிலும் நிகழ்ந்த சோதனைகள் அச்சராசரியைத் தாங்கி நிறுத்திவிடும்.

புவியிட ஆயங்களைக் கொண்ட தரவுகளில் நிலைமை மேம்பட்டதே. ரைப் அட்லஸில் ஒரு மையப் புள்ளியையும் ஆரத்தையும் கொடுத்து, அவ்வட்டத்துள் உள்ள கருவிகளைத் தேடலாம். ஆனால் கடலூரின் அமைவிடம் இம்முறைக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. கடலூர் நகரிலிருந்து நேர்க்கோட்டில் புதுச்சேரி ஏறத்தாழ 20 கி.மீ. வடக்கிலும், சிதம்பரம் ஏறத்தாழ 40 கி.மீ. தெற்கிலும் உள்ளன. கடலூரை மையமாக வைத்து 30 கி.மீ. ஆரத்தில் வட்டமிட்டால் வேறோர் ஒன்றியப் பகுதியான புதுச்சேரி உள்ளே வரும். அதே மாவட்டத்துச் சிதம்பரம் வெளியே நிற்கும். சிதம்பரத்தைச் சேர்க்க ஆரத்தைக் கூட்டினால் விழுப்புரம் மாவட்டப் பகுதிகளின் கலப்பு மிகும், கொள்ளிடத்திற்கு அப்பாலுள்ள மயிலாடுதுறை மாவட்டமும் கலக்கத் தொடங்கும். அகலாங்கு, நெட்டாங்கு எல்லைகளால் நாற்கரம் அமைப்பினும் புதுச்சேரியின் பாகூர்ப் பகுதி கடலூரை ஒட்டியே கிடப்பதால் கலப்பு முற்றிலும் நீங்காது. எனவே வட்டத்தையோ நாற்கரத்தையோ முதற்கட்ட வடிகட்டியாக மட்டும் கொண்டு, பெற்ற ஆயங்களை மாவட்ட எல்லைக் கோப்போடு ஒப்பிட்டு இறுதி செய்தல் வேண்டும். தனியுரிமை கருதி அட்லஸ் கருவிகளின் இருப்பிடம் சற்றே மாற்றிக் காட்டப்படுவதையும் எல்லையோரக் கருவிகளில் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஊர்ப்பெயரைக் கொண்டு வடிகட்டுவதில் மொழி சார்ந்த இடர் உண்டு. கடலூர், கூடலூர் ஆகியவை உரோமன் எழுத்தில் நெருங்கிவரும் பெயர்கள். கூடலூர் என்னும் பெயரில் நீலகிரியிலும் தேனியிலும் ஊர்கள் உள்ளன. 2020இல் தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணையிட்டு, அதே ஜூன் மாதத்தில் அதனைத் திரும்பப் பெற்றது. இத்தகைய மாற்றம் நிலைபெற்றால், பழைய கூட்டலைத் தேடும் வடிகட்டி புதிய பதிவுகளைப் பிழைச்செய்தி ஏதுமின்றித் தவறவிடும்.

தமிழ் எழுத்திலேயே தேடும்போது வேறொரு நுட்பம் குறுக்கிடுகிறது. ஒருங்குறியில் கடலூர் என்னும் சொல் ஆறு குறியீடுகளால் ஆனது. யு.டி.எஃப்.-8 முறையில் அது 18 பைட்டு. இணைய முகவரியில் விழுக்காட்டுக் குறியாக மாறும்போது 54 எழுத்துகளாக நீளும். கொள்ளிடம் போன்ற சொல்லில் வரும் ஒகர உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நேர்ப்பொருத்தம் மட்டும் பார்க்கும் வடிகட்டிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒருங்குறி இயல்பாக்கம் செய்தபின் ஒப்பிடுவதே தீர்வு. இயன்ற இடங்களில் பெயரைத் தவிர்த்து, ஒன்றிய ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சி அமைப்புகளின் அடைவு வழங்கும் மாவட்டக் குறியெண்ணைப் பயன்படுத்துவது மேலும் உறுதியானது.

3. கால வடிகட்டி

பன்னாட்டு அளவீட்டுத் தளங்கள் உலகப் பொது நேரத்தையே கையாள்கின்றன. இந்திய நேரம் அதனின் ஐந்தரை மணி முந்தியது. இவ்வேறுபாட்டின் விளைவை ஃபெஞ்சல் தெளிவாகக் காட்டும். அப்புயல் 2024 நவம்பர் 30 இரவு இந்திய நேரப்படி பத்தரை மணியளவில் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடக்கத் தொடங்கியது. பின்னர் நெடுநேரம் அங்கேயே ஏறத்தாழ நிலைகொண்டு பெருமழை பொழிந்தது. கரைகடப்புக்குப் பிந்தைய நிலையை அறிய விரும்பும் ஆய்வாளர் டிசம்பர் 1 என்று மட்டும் கொடுத்து வடிகட்டினால், அத்தளம் அதனை உலகப் பொது நேரத்தின் டிசம்பர் 1 எனக் கொள்ளும். இந்திய நேரத்தில் அது காலை ஐந்தரை மணிக்கே தொடங்கும். நள்ளிரவிலிருந்து விடியும்வரை உள்ள ஐந்தரை மணி நேரம், அதாவது பாதிப்பு மிகுந்த பொழுதின் பெரும்பகுதி, வடிகட்டலில் விழுந்துவிடும்.

இதனைத் தவிர்க்க, கால எல்லையை நேரமண்டலக் குறிப்போடு முழுமையாக எழுதுதல் வேண்டும். 2002இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 3339 இதற்கான எழுத்துமுறையை வரையறுக்கிறது. ரைப் அட்லஸ் 1970 சனவரி 1 முதல் கழிந்த விநாடிகளின் எண்ணிக்கையில் நேரத்தைக் குறிக்கிறது. அம்முறையில் இந்திய நேரப்படி 2024 டிசம்பர் 1 நள்ளிரவு 1732991400 ஆகும். உலகப் பொது நேரத்து நள்ளிரவோ 1733011200. இவ்விரு எண்களின் வேறுபாடாகிய 19800 விநாடிகளே மேற்கூறிய ஐந்தரை மணி நேரம்.

கால வரம்பின் அகலமும் எண்ணத்தக்கது. கடலூருக்குப் புயலின் பாதிப்பு காற்றோடு முடியவில்லை. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் தென்பெண்ணையில் பெருகிய வெள்ளம் டிசம்பர் முதல் நாள்களில் கடலூரைச் சூழ்ந்தது. ஆகவே புயல் நாளை மட்டும் வடிகட்டுவது வெள்ளத்தால் நேர்ந்த தடையை மறைக்கும். ஒப்பீட்டிற்காகப் புயலுக்கு முந்தைய ஒரு வாரத்தையும் சேர்த்தல் நலம். மாதவாரித் தொகுப்புகளில் இச்சிக்கல் இன்னும் மிகும். மாதம் என்னும் அலகு ஒரே பேரிடரை நவம்பர், டிசம்பர் என இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் முப்பது நாள்களின் சராசரிக்குள் கரைத்துவிடும்.

4. மதிப்பு வடிகட்டி

செயல்திறன் தரவுகளில் எண்ணைப் போலத் தோன்றுவன எல்லாம் அளவீடுகள் அல்ல. ரைப் அட்லஸின் பிங் சோதனையில் அனுப்பிய பொட்டலங்கள் எவற்றுக்கும் விடை வராவிடின் சராசரி மறுமொழி நேரம் என்னும் புலத்தில் -1 என்னும் எண் இடம்பெறும். இது விடையின்மையைச் சுட்டும் குறி. இதனையும் கூட்டிச் சராசரி கண்டால் வலையமைப்பு பழுதுபடப் பழுதுபட மறுமொழி நேரம் குறைந்து, செயல்திறன் உயர்ந்ததாகத் தோன்றும். இதற்கு அஞ்சி, சுழியைவிடப் பெரிய மதிப்புகளை மட்டும் கொள்க என்று வடிகட்டினாலோ தோல்விகள் அனைத்தும் நீங்கி, வெற்றிகளின் சராசரி மட்டுமே எஞ்சும். இரண்டும் பிழையே. விடை வந்த சோதனைகளின் மறுமொழி நேரத்தையும் விடை வராத சோதனைகளின் எண்ணிக்கையையும் தனித்தனி அளவைகளாகக் கொள்வதே முறை.

சைகை வலிமை எதிர்ம எண்ணாகக் குறிக்கப்படுவது. -85 என்பது -110ஐ விட வலியது. எண்ணின் அளவை மட்டும் நோக்கும் வடிகட்டி இவ்வுறவைத் தலைகீழாக்கும். சில ஏ.பி.ஐ.கள் எண்களையும் எழுத்துச் சரமாகவே அனுப்புகின்றன. எழுத்து வரிசையில் 9.5 என்பது 10.2க்குப் பின் வருவதால், மாற்றம் செய்யாமல் ஒப்பிட்டால் மெதுவான இணைப்பு விரைவானதாகக் கணக்கிடப்படும். எனவே தரவு வகையை மாற்றியபின்னரே மதிப்பு வடிகட்டியை இயக்குதல் வேண்டும்.

5. மௌனத்தை எண்ணுதல்

மேற்கூறிய மூன்று வடிகட்டிகளும் இருக்கின்ற பதிவுகளைப் பற்றியவை. பேரிடர்க் காலத்தில் முதன்மை பெறுவன இல்லாத பதிவுகள். கோபுரம் செயலிழந்த ஊரில் எவரும் வேகச் சோதனை செய்ய இயலாது. சோதனை செய்யாதோர் தரவில் இடம்பெறார். பிச்சாவரத்திலோ பரங்கிப்பேட்டையிலோ சேவை அடியோடு நின்றிருந்தால், அவ்வூர்கள் அறிக்கையில் குறைந்த வேகத்தோடு தோன்றுவதற்கு மாறாக, அறிக்கையிலிருந்தே மறைந்துவிடும். எஞ்சிய இடங்களின் சராசரியே மாவட்டத்தின் நிலையாகப் படிக்கப்படும்.

இம்மௌனத்தை அளக்க, எத்தனை பதிவுகள் வந்திருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருத்தல் வேண்டும். பயனரின் விருப்பத்தைச் சார்ந்த மைஸ்பீடு போன்ற சோதனைகளில் இது இயலாது. குறித்த இடைவெளியில் தாமாக இயங்கும் அளவீடுகளில் இயலும். நான்கு நிமிடத்திற்கு ஒரு முறை சோதனை செய்யும் கருவி ஒன்று சிதம்பரத்தில் இருப்பதாகக் கொள்வோம். ஒரு நாளுக்கு 360 பதிவுகள் வரவேண்டும். புயல் நாளில் 216 பதிவுகளே கிடைத்தன எனவும், அவற்றுள் 198இல் விடை வந்தது, 18இல் வரவில்லை எனவும் கொள்வோம்.

சுழியைவிடப் பெரிய மதிப்புகளை மட்டும் வடிகட்டியவர் 198 வெற்றிகளைக் கண்டு, தோல்வியே இல்லை என்பார். கிடைத்த பதிவுகள் அனைத்தையும் நோக்கியவர் 216இல் 198, அதாவது 91.7 விழுக்காடு வெற்றி என்பார். வந்திருக்க வேண்டிய பதிவுகளை அடிப்படையாகக் கொண்டவர் 360இல் 198, அதாவது 55 விழுக்காடு நேரமே இணைப்பு இருந்ததாக உறுதிப்படுத்த இயலும் என்பார். தரவு ஒன்று, வடிகட்டி மூன்று, முடிவும் மூன்று. வராத 144 பதிவுகள் 9 மணி 36 நிமிட மௌனத்தைக் குறிக்கின்றன.

அம்மௌனம் முழுவதையும் வலையமைப்பின் பழுதெனக் கொள்ளவும் கூடாது. மின்சாரம் நின்றிருந்தால் கருவியே அணைந்திருக்கும். மின்சாரம் இருந்து இணைப்பு மட்டும் அறுந்திருந்தால், கருவி தன் சோதனைத் தோல்விகளைச் சேமித்து வைத்து, இணைப்பு மீண்டபின் அனுப்ப முயலும், அச்சேமிப்பிடமும் வரம்புடையது. ஆகவே தாமதமாக வந்து சேர்ந்த தோல்விப் பதிவுகள் இணைப்புத் தடைக்குச் சான்று. பதிவே இன்மை மின்தடைக்கோ கருவிப் பழுதுக்கோ நெடிய இணைப்புத் தடைக்கோ உரியதாக இருக்கலாம். இவ்வேறுபாட்டை அறிய, சோதனை நிகழ்ந்த நேரத்தையும் பதிவு வந்துசேர்ந்த நேரத்தையும் ஒருசேர நோக்குதல் வேண்டும். சோதனை நேரத்தைக் கொண்டே வடிகட்ட வேண்டும் என்பதும், பேரிடர் முடிந்த சில நாள்களுக்குப் பின் மீண்டும் ஒருமுறை தரவைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதும் இதனால் பெறப்படும். ஒரு கருவியின் மௌனம் ஒரு மாவட்டத்தின் மௌனமாகாது என்பதும் இங்கு வலியுறுத்தத்தக்கது.

6. தொகுக்கப்பட்ட அறிக்கைகளின் வரம்பு

பல்கலைக்கழகம், மருத்துவமனை போன்ற நிறுவனங்களின் உள்வலையமைப்புக் கண்காணிப்புக் கருவிகள் தரவை நாளடைவில் சுருக்கிவிடுகின்றன. எம்.ஆர்.டி.ஜி. என்னும் பழைய கருவியின் நாள் வரைபடம் ஐந்து நிமிடச் சராசரியையும், வார வரைபடம் முப்பது நிமிடச் சராசரியையும், மாத வரைபடம் இரண்டு மணிநேரச் சராசரியையும், ஆண்டு வரைபடம் ஒரு நாள் சராசரியையும் காட்டும். ஸாபிக்ஸ் மென்பொருளும் மூலப்பதிவுகளைச் சில காலமே வைத்திருந்து, பின்னர் மணிவாரியான சிறும, பெரும, சராசரி மதிப்புகளை மட்டும் நிலைநிறுத்தும். ஓராண்டு கழித்துக் கேட்கும் ஆய்வாளருக்கு மூன்று மணி நேர முழுத்தடை, எட்டில் ஒரு பங்கு குறைந்த நாட்சராசரியாக மட்டுமே தென்படும். விடுமுறை நாளின் குறைந்த பயன்பாட்டிலிருந்து அதனைப் பிரித்தறிய எவ்வடிகட்டியாலும் இயலாது. வடிகட்டல் இருப்பதைக் குறைக்கும். சுருக்கத்தில் இழந்ததை மீட்டுத் தராது. எனவே பேரிடர்க் காலத்து மூலப்பதிவுகளை அவை சுருக்கப்படும் முன்னரே எடுத்துப் பாதுகாத்தல் இன்றியமையாதது.

முடிவுரை

வலையமைப்புத் தரவை ஏ.பி.ஐ. வழி வடிகட்டுவோர் பின்பற்றத்தக்க ஒழுங்கு இவ்வாய்வால் பெறப்படுகிறது. தரவின் மிகச் சிறிய இட அலகு எது எனக் காணுதல். இந்திய நேரத்தைக் குறிப்பாக எழுதிக் கால எல்லையை வகுத்தல். பக்கங்கள் அனைத்தும் வந்தனவா என எண்ணுதல். தரவு வகையைத் திருத்திக் குறிமதிப்புகளைப் பிரித்தல். வந்திருக்க வேண்டிய எண்ணிக்கையோடு வந்ததை ஒப்பிடுதல் என்பன அதன் படிகள். இவற்றுள் இறுதிப்படியே பேரிடர் ஆய்வில் பெரும்பாலும் விடுபடுவது.

ஆய்வேடுகளில் வரைபடத்தையும் சராசரியையும் மட்டும் தருவது போதாது. எந்நாளில், எந்நிபந்தனைகளோடு தரவு கேட்கப்பட்டது, எத்தனை பதிவுகள் கிடைத்தன, எத்தனை தள்ளப்பட்டன, ஏன் தள்ளப்பட்டன என்பவற்றையும் அணுகுசாவி நீங்கலாக வெளியிடுதல் வேண்டும். பதிப்பாசிரியர் பாடவேறுபாடுகளைக் காட்டும் கடமைக்கு இது நிகரானது.

மாவட்ட அளவிலான தடையை அறிவிப்பது சேவை நிறுவனங்களின் கடப்பாடாகியுள்ள இந்நிலையில், வேகத் தரவுகளும் மாவட்டக் குறியெண், நாள், நேரம் ஆகிய புலங்களோடு வெளியிடப்படுதல் வேண்டும். அதுவரை தமிழ்நாடு என்னும் ஒற்றைப் பெயருக்குக் கீழ் வரும் சராசரியைக் கொண்டு கடலூரின் நிலையை உரைப்பது ஏற்புடையதாகாது. அத்தகைய தரவிலிருந்து மாவட்டத்தைப் பற்றி எதுவும் கூற இயலவில்லை எனப் பதிவு செய்வதும் ஆய்வு முடிவே.